ஓரியன் நீர் மேசர்களோடு ஆறு ஆண்டுகள்: ஒற்றைத் தட்டுக் கண்காணிப்பு அனுபவம்

20 மீட்டர் விட்டமுள்ள தட்டும் 22 கிகாஹெர்ட்ஸ் ஏற்பியும் கொண்ட ஒரு ரேடியோ தொலைநோக்கியில், ஓரியன் நெபுலாவுக்குப் பின்னால் உள்ள கிளைன்மன்-லோ பகுதியின் நீர் மேசர்களை (லேசரைப் போல, ஆனால் நுண்ணலையைப் பெருக்கி அனுப்பும் இயற்கை மூலங்களை) ஆறு ஆண்டுகளாக அளந்து வருகிறேன். இளம் விண்மீன்களிலிருந்து பீறிடும் வாயு சுற்றியுள்ள முகிலில் மோதும் இடங்களில், கிளர்வுற்ற நீர் மூலக்கூறுகள் 22.235 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பன்மடங்கு பெருக்கி அனுப்புகின்றன. 1969-இல் இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸின் குழுவினர் இதை முதன்முதலில் கண்ட வான்பகுதிகளுள் ஓரியனும் ஒன்று.

பழகத் தொடங்குபவருக்கு இதைவிட எளிய இலக்கு இல்லை. சில நிமிடங்களிலேயே நிறமாலையில் ஊசி போன்ற உச்சங்கள் எழுந்து நிற்கும். முதல் ஆண்டில், புவி சூரியனைச் சுற்றும் வேகத்துக்கான திருத்தத்தைச் செய்யாமல், உச்சங்கள் மாதந்தோறும் நகர்வதைக் கண்டு வியந்திருக்கிறேன் (இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது). ஓரியன் திசையில் அந்தத் திருத்தம் ஆண்டுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வரை மாறும்.

உச்சத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அதன் உயரத்தை நம்புவதுதான் கடினம். 1979 முதல் 1985 வரை இதே பகுதி பல இலட்சம் ஜான்ஸ்கி (ரேடியோ அலைச் செறிவின் அலகு) அளவுக்குப் பொங்கியது. 2011-இலும் ஒரு வெடிப்பு பதிவானது. ஆகவே ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் ஆசை காட்டும். மூன்றாம் ஆண்டுக் குளிர்காலத்தில் இரண்டே வாரத்தில் உச்சம் பாதியாகச் சரிந்தபோது, மேசர் அணைகிறது என்றே குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். ஒப்பீட்டுக்காக W3(OH) என்ற வேறொரு மேசர் மூலத்தை நோக்கியபோது அதுவும் அதே அளவில் சரிந்திருந்தது. ஏற்பியின் மேல்மூடிச் சவ்வில் பனி ஈரம் படிந்திருந்ததே காரணம். முகிலில் பெருக்கப்பட்டு வந்த அலையை, ஏற்பிக்கு மேலிருந்த நீர்ப்படலம் விழுங்கியிருக்கிறது. அமைப்பின் இரைச்சல் வெப்பநிலை (ஏற்பியில் சேரும் தேவையற்ற இரைச்சலின் அளவு) அன்றே உயர்ந்திருந்தும் பதிவில் அந்த நெடுவரிசையை நான் பார்க்கவில்லை.

ஒற்றைத் தட்டுக்கு ஒரு குறையும் உண்டு: அதன் கற்றை ஏறத்தாழ இரண்டரைக் கலை (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) அகலம் கொண்டது என்பதால், எந்த மேசர்ப் புள்ளி பொங்கியது என்பதைச் சொல்ல முடியாது. அதற்கு ஜப்பானின் வேரா போன்ற ரேடியோ தொலைநோக்கி வலையமைப்பு வேண்டும். 2,300 கிலோமீட்டர் வரை விலகி நிற்கும் நான்கு 20 மீட்டர் தட்டுகளைக் கொண்டு, அப்பகுதியின் தொலைவை 2007-இல் 437 பார்செக் (ஒரு பார்செக் ஏறத்தாழ 3.26 ஒளியாண்டு) என்றும் அடுத்த ஆண்டில் 418 பார்செக் என்றும் அது அளந்தது. வாரந்தோறும் ஒரே மூலத்தை நோக்கும் நேரம் அத்தகைய வலையமைப்பில் எளிதில் கிடைக்காது. அந்த வேலைக்கு எங்கள் தட்டே போதும். இப்போதெல்லாம் சவ்வைத் துடைத்து, W3(OH)-ஐ அளந்து, இரைச்சல் வெப்பநிலையைக் குறித்த பிறகே ஓரியன் கோப்பைத் திறக்கிறேன்.