ரைசன் 7 5800எக்ஸ்3டி: பழைய மதர்போர்டுக்கு ஏற்ற செயலி

2017-இல் வெளிவந்த ரைசன் 5 1600 செயலியோடு விளையாட்டுக் கணினி வைத்திருப்போர், மதர்போர்டு, ரேம் என அனைத்தையும் மாற்றும் முன், ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைக் கட்டாயம் கருத வேண்டும். மதர்போர்டில் செயலியைப் பொருத்தும் அதே ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் இதன் எட்டு கோர்களுக்கு 96 எம்பி எல்3 கேச் (செயலிக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) இருப்பதால், தரவுக்காக ரேம் வரை சென்றுவரும் தாமதம் வெகுவாகக் குறைகிறது; விமான சிமுலேட்டர்களில் இந்தப் பயன் தெளிவாகத் தெரியும். பெட்டியில் கூலர் வராது என்பதால், 105 வாட் செயலிக்குப் போதுமான நல்ல கூலரைத் தனியே வாங்க வேண்டும். பழைய செயலியைக் கழற்றுவதற்கு முன்பே மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிடுவது மிக முக்கியம். 4கே திரையில் விளையாடுவோருக்குப் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டே தடையாக இருக்கும். அவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீடியோ தொகுப்பே முதன்மை வேலை என்றால், 16 கோர்கள் கொண்ட ரைசன் 9 5950எக்ஸ் செயலியே மேல்.