ஆணியில் தொங்காத கையுறை: நாற்றுமேடைக்குப் பாதுகாப்பு உபகரணம் வாங்கிய அனுபவம்

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் இரும்புக் கடைகளுக்கும் பெயின்ட் கடைகளுக்கும் நடுவே அமைந்துள்ள ஒரு பாதுகாப்பு உபகரணக் கடையில், எங்கள் நாற்றுமேடையில் வேலை செய்யும் ஆறு பேருக்காகக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, சப்பாத்து, மேலங்கி ஆகியவற்றை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. பத்தரமுல்லைப் பக்கம் இருக்கும் எங்கள் நாற்றுமேடை சிறியது. அந்தூரியம், குரோட்டன், ஓர்க்கிட், ஒட்டு மாங்கன்று ஆகியவற்றை வளர்த்து, தியத்த உயன பூங்காவில் கன்று விற்போருக்கும் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் கொடுக்கிறோம். இதே அளவில் தொழில் செய்பவர்கள் எந்தப் பொருளுக்குப் பணம் செலவிட வேண்டும், எதை வாங்காமல் விடலாம் என்று முடிவு செய்ய உதவட்டும் என்பதற்காக, எட்டு மாதப் பாவனைக்குப் பிறகு இதை எழுதுகிறேன்.

வாங்கத் தூண்டியது ஒரு விபத்து. எங்களிடம் பதினோரு வருடங்களாக மருந்தடிக்கும் அண்ணா ஒருவர், சென்ற வருட மழைக்காலத்தில், ஓர்கனோபொஸ்பேற்று வகைப் பூச்சிகொல்லியைக் கலக்கும்போது போத்தலிலிருந்து சிந்திய மருந்து அவருடைய பருத்தி நூல் கையுறையில் ஊறியது. அந்தக் கையுறையை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். கையுறை போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அவர் அதைக் கழற்றாமலே இரண்டு மணி நேரம் வேலை செய்தார். பிறகு வியர்வை ஆறாகப் பெருகி, வாயில் உமிழ்நீர் ஊறி, கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லிக் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வைத்தியசாலையில் ஓர் இரவு கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். இவ்வகை மருந்து மூக்கு, வாய் வழியாக மட்டுமல்லாமல் தோல் வழியாகவும் உடலுக்குள் செல்லும் என்றும், மருந்தை உறிஞ்சும் துணியைக் கையில் கட்டிக்கொண்டிருப்பது வெறுங்கையைவிட மோசமானது என்றும் அங்கிருந்த வைத்தியர் விளக்கினார். வெறுங்கையில் பட்டிருந்தால் உடனே கழுவியிருப்பார்.

அடுத்த வாரமே பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். முதலில் நுழைந்த கடையில் கட்டடவேலைக்கான தோல் கையுறையையும் சாதாரண நீல நிற முகக்கவசப் பெட்டி ஒன்றையும் எடுத்து வைத்து, எல்லாவற்றுக்கும் இதுவே போதும் என்றார்கள். இரண்டாவது கடையின் முதலாளி, வயதான நானா ஒருவர், பொருள் எதையும் எடுக்காமல் முதலில் என்னிடம் கேட்டார்: "என்ன வேலைக்கு மகள்? மருந்து கலக்கவா, மண் அள்ளவா, முள்ளு வெட்டவா?" மூன்றும் என்றேன். "அப்ப மூணு விதமான கையுறை வேணும். ஒண்டை எல்லாத்துக்கும் போட்டா ஒண்டுக்கும் உதவாது." அந்த ஒரு கேள்விக்காகவே அந்தக் கடையை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். கடைசியில் நாங்கள் வாங்கிய பொருட்களில் எவை தினமும் கையில் ஏறுகின்றன, எவை ஆணியில் தொங்குகின்றன என்பதை நிர்ணயித்ததும் அதே கேள்விதான்.

மருந்துக்கு வாங்கியவை நைட்ரைல் என்ற செயற்கை றப்பரால் செய்த பச்சை நிறக் கையுறைகள். உட்புறம் துணி இல்லாதவை, முழங்கைக்குச் சற்றுக் கீழே வரை நீளமானவை. மணிக்கட்டுப் பகுதியில் இரசாயனக் குடுவைப் படமும் அதன் அடியில் ஈஎன் 374 என்ற ஐரோப்பியத் தர இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கின்றன. சுத்தியல் படத்துடன் ஈஎன் 388 என்று மட்டும் இருந்தால், அந்தக் கையுறை உராய்வையும் வெட்டையும் தாங்கும் என்பதுதான் பொருள். மருந்தைத் தடுக்கும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. இந்த இரண்டு படங்களையும் பிரித்தறியப் பழகிக்கொண்டால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. உட்புறம் துணி ஒட்டிய கையுறை வழுக்காமல் சுகமாக இருக்கும் என்று எங்கள் ஆட்கள் ஆசைப்பட்டார்கள். ஆனால் உள்ளே ஒரு முறை மருந்து இறங்கிவிட்டால் அந்தத் துணியைக் கழுவி எடுக்க முடியாது என்பதால் நான் அதற்கு இணங்கவில்லை.

அளவு விடயத்தில் நான் பிழை செய்தேன். ஆறு பேருக்கும் 9 ஆம் இலக்கத்தையே வாங்கினேன். நாற்றுப் பைகளுக்குத் திரவப் பசளை ஊற்றும் அக்காவின் கை சிறியது. அவருடைய விரல் நுனிக்கு அப்பால் ஓர் அங்குலம் வெறும் றப்பர் மடிந்து கிடந்தது. மூன்று நாட்கள் போட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதைப் போட்டா கன்றைப் பிடிக்கிறனா, கையுறையைப் பிடிக்கிறனா எண்டே தெரியேல்ல" என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். பாவிக்காத சோடிகளைத் திருப்பிக் கொண்டுபோனபோது நானா முகம் சுளிக்காமல் 7 ஆம் இலக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தார். அதன் பிறகு அக்காவின் கையுறை ஆணிக்குப் போகவில்லை.

நைட்ரைல் கையுறைக்கும் ஆயுள் உண்டு. எங்களுக்கு நான்காவது மாதத்தில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள வளைவில் மயிரிழை போன்ற வெடிப்புத் தோன்றியது. கண்ணுக்குத் தெரியாத அந்த வெடிப்பைக் கண்டுபிடித்தவர் மருந்தடிக்கும் அண்ணாதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கையுறைக்குள் தண்ணீர் நிரப்பி, வாயை முறுக்கிப் பிடித்து, மெல்ல அழுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று ஒரு துளி கசிந்து அவருடைய பாதத்தில் விழுந்தது. வேலை முடிந்ததும் கையுறையைக் கையில் இருக்கும்போதே சவர்க்காரம் போட்டுக் கழுவி, அதன் பிறகுதான் கழற்ற வேண்டும் என்பதையும் அவரே மற்றவர்களுக்குப் பழக்கினார். தலைக்கு மேலே உள்ள கிளைகளுக்கு அடிக்கும்போது கையுறையின் வாயை வெளிப்புறம் மடித்து விட வேண்டும். இல்லாவிட்டால் வழிந்து வரும் மருந்து நேரே முழங்கைக்கு இறங்கும்.

முகக்கவசம்தான் எல்லாவற்றிலும் விலை கூடியது. மற்றப் பொருட்கள் அனைத்தையும் சேர்த்தாலும் அதன் விலைக்கு எட்டவில்லை. இரு பக்கமும் வடிகட்டிக் குப்பி பொருத்திய, முகத்தில் பாதியை மூடும் சிலிக்கோன் கவசம் அது. குப்பியில் கபில நிறப் பட்டியும் வெள்ளை நிறப் பட்டியும் இருக்கின்றன: கபிலம் மருந்திலிருந்து எழும் சேதன ஆவிக்கு, வெள்ளை துகளுக்கு. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் அறிமுகமான என்95 வகைக் கவசம் துகளை நன்றாகவே தடுக்கும், ஆனால் மருந்தின் ஆவியைத் தடுக்காது. ஆகவே, காய்ந்த தென்னந்தும்புத் தூளைக் கொட்டிக் கலக்கும் வேலைக்கு என்95 போதும். மருந்து கலக்கவும் அடிக்கவும் போதாது. (தும்புத்தூளைக் கலக்கும் முன் சிறிது தண்ணீர் தெளித்தால் தூசே எழாது. அதற்கு எந்தக் கடைக்கும் போகத் தேவையில்லை.)

இந்தக் கவசம் முகத்தோடு ஒட்டினால் மட்டுமே பயன் தரும். உள்ளங்கையால் குப்பிகளின் வாயை மூடி மெல்ல மூச்சை உள்ளிழுக்கும்போது கவசம் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். பக்கவாட்டில் காற்று நுழைந்தால் பட்டியைச் சரிசெய்ய வேண்டும். தாடி வைத்திருந்தால் அது ஒருபோதும் ஒட்டாது என்று நானா விற்கும்போதே சொன்னார். எங்கள் தம்பி ஒருவர் ஆசையாக வளர்த்த தாடியை எடுக்க மனமில்லாமல், மருந்தடிப்பதை விட்டு ஒட்டுக் கட்டும் வேலைக்கு மாறினார். அது நியாயமான தீர்வு என்றே கருதுகிறேன். திறந்து வைத்த குப்பி பாவிக்காத நேரத்திலும் காற்றிலுள்ள ஆவியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, திறந்த திகதியைக் குப்பியிலேயே எழுதி வைக்கிறோம். அந்தப் பெட்டியை மருந்து அலுமாரிக்குள் வைக்கக் கூடாது.

குறையையும் சொல்ல வேண்டும். மாசி தொடக்கம் சித்திரை வரை கொழும்பு வெயிலில் இந்தக் கவசத்தோடு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்பது மனிதரால் ஆகாத காரியம். முதல் மாதத்தில் அண்ணா அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலை பத்து மணிக்கு அடித்து வந்த மருந்தை ஆறு மணிக்கு மாற்றி, எட்டு மணிக்குள் முடிப்பது என்று தீர்மானித்த பிறகுதான் கவசம் முகத்தில் தங்கியது. அந்த நேரத்தில் காற்றும் குறைவு. மருந்து அடுத்த பாத்திக்குப் பறப்பதும் குறைந்தது. 16 லீற்றர் தெளிகருவியை முக்கால் பங்கு மட்டுமே நிரப்புவது என்றும் அப்போதே முடிவெடுத்தோம், ஏனெனில் முழுமையாக நிரப்பினால் இயந்திரத்தோடு சேர்த்து ஏறக்குறைய இருபது கிலோ முதுகில் ஏறுகிறது.

கண்ணாடியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டகத்தில் 3 என்ற இலக்கம் பொறித்தது துளிகளுக்கானது. அதையே வாங்க வேண்டும். மலிவானது பத்து நிமிடத்தில் ஆவி படிந்து மங்கிவிடும், எங்களுடையதும் மங்கியது.

றப்பர் சப்பாத்தை மருந்துக்காக வாங்கினேன். அது எலிக்காய்ச்சலுக்கும் பாம்புக்கும்தான் கூடுதலாக உதவுகிறது. எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணிலிருந்து காலிலுள்ள சிறு கீறல் வழியாக நோய் புகுகிறது என்பதும், 2008 ஆம் ஆண்டில் இலங்கையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்க்கு உள்ளானதாகப் பதிவானதும் பலருக்கு மறந்துவிட்டன. வயலில் இறங்குவோருக்கு மட்டும் வருவது என்று நினைக்கிறார்கள். எப்போதும் நனைந்திருக்கும் நாற்றுமேடைத் தரையும் எலிக்கு உகந்ததே. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்தபோது, அபாயமுள்ள வேலை செய்வோருக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் ஊடாக வழங்கப்படும், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை பற்றி விளக்கி, வாரத்துக்கு 200 மில்லிகிராம் எங்கள் ஆட்களுக்கும் ஒழுங்கு செய்தார். கர்ப்பிணிகள் அதை எடுக்கக் கூடாது என்பதால் முதலில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டார். பாம்பைப் பொறுத்தவரை, சாடிகளின் அடியில் ஒதுங்கும் பொலொன் தெலிஸ்ஸா என்ற சிறிய விரியன் பாம்புதான் எங்களுக்குப் பயம். இந்தியாவிலிருந்து வரும் பாம்பு விஷ முறிமருந்து அதன் விஷத்துக்கு வேலை செய்யாது. சாடியைத் தூக்கும் முன் காலால் சற்றுத் தள்ளிப் பார்க்க இந்தச் சப்பாத்து தைரியம் கொடுக்கிறது. களிசானைச் சப்பாத்துக்கு வெளியேதான் விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து முழுவதும் சப்பாத்துக்குள் தேங்கும்.

மேலங்கி முழுத் தோல்வி. உடல் முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் அங்கியை இரண்டு பேர் ஒரே ஒரு நாள் போட்டார்கள், இருவரும் தலை சுற்றி உட்கார்ந்தார்கள். இந்த ஊர் வெப்பத்துக்கு அது பொருந்தாது. இப்போது முன்பக்கத்துக்கு மட்டும் ஒரு பிவிசி ஏப்ரன், அதற்குள் நெருக்கமாக நெய்த முழுக்கைப் பருத்திச் சட்டை என்ற அளவில் நிற்கிறோம். மருந்து கலக்கும்போதுதான் செறிவு அதிகம். அந்த நேரத்தில் ஏப்ரன் அவசியம். அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவதில்லை. பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்கக் கூடாது என்பதால் இங்கேயே ஒரு வாளியும் சவர்க்காரமும் வைத்திருக்கிறோம்.

உற்பத்தியாளர்கள் மீது எனக்குள்ள மனத்தாங்கல், கவசத்தோடு வந்த கையேட்டில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை என்பது. பூச்சிகொல்லிப் போத்தலின் சுட்டுத்துண்டு மூன்று மொழிகளில் இருக்கும்போது, அந்த மருந்திலிருந்து காப்பாற்ற வேண்டிய கவசம் பாவிப்பவருக்குப் புரியாத மொழியில் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஆட்களில் நால்வர் தமிழும் இருவர் சிங்களமும் வாசிப்பவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இருந்து, இரு மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதிப் படமும் வரைந்து கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். அதன் அடியில் 1990 என்ற அம்பியூலன்ஸ் இலக்கத்தையும், கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது என்பதையும், வைத்தியசாலைக்குப் போகும்போது மருந்துப் போத்தலையோ அதன் சுட்டுத்துண்டையோ கையோடு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதையும் எழுதினேன். விபத்து நடந்த அன்று நாங்கள் அதை மறந்துபோனோம். என்ன மருந்து என்று வைத்தியர் மூன்று முறை கேட்டார்.

"இப்ப வாற மருந்து முந்தி மாதிரிக் கடுமை இல்லை" என்று நாற்றுமேடை நடத்தும் நண்பர்கள் சிலர் சொல்லக் கேட்கிறேன். பராகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் ஆகிய மூன்றும் 2008 க்கும் 2011 க்கும் இடையே இந்நாட்டில் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன என்பது உண்மை. அது நல்ல காரியமும்கூட. ஆனால் எங்கள் அண்ணா மயங்கியது அதற்குப் பல வருடங்களுக்குப் பின்னர், கடையில் முறைப்படி விற்கப்பட்ட மருந்தால்.

கடையைப் பற்றிய குறை ஒன்றுதான்: மாற்று வடிகட்டிக் குப்பிகள் இரண்டு முறை கையிருப்பில் இல்லை, ஒரு முறை மூன்று வாரங்கள் காத்திருந்தோம். குப்பி இல்லாத கவசம் வெறும் றப்பர் என்பதால் அந்த மூன்று வாரமும் மருந்தடிக்காமல், வெண்மூட்டுப்பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் இலை இலையாகத் துடைத்தோம். வாங்கும்போதே மேலதிகமாக ஒரு சோடி குப்பி எடுத்து வையுங்கள். பணம் குறைவாக இருந்தால் முதலில் கைக்குப் பொருந்தும் நைட்ரைல் கையுறையையும் சப்பாத்தையும் வாங்குங்கள், அடுத்த மாதம் கவசத்தை வாங்குங்கள், முழு அங்கியை வாங்கவே வேண்டாம். கடைக்குப் புறப்படும் முன் ஒவ்வொருவருடைய கையையும் ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து எடுத்துச் செல்லுங்கள்.

வரும் சனிக்கிழமை மறுபடியும் பழைய சோனகத் தெருவுக்குப் போகிறேன். அக்கா நேற்றுக் காலையிலேயே தன் பழைய கையுறையில் தண்ணீர் நிரப்பிக் காட்டி, "ஏழாம் நம்பர் தங்கச்சி, மறந்திடாதேங்கோ" என்று சொல்லிவிட்டார்.