அடிக்கடி இறங்கும் கார் பேட்டரி: மாற்றுவதா, கழற்றி வைப்பதா, லீக்கேஜைத் தேடுவதா?

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலியோடு செல்ஃப் நின்றுவிடுகிறது. பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போட்டு எழுப்பினால் அன்று முழுவதும் ஓடுகிறது. இரண்டு மூன்று நாளில் மறுபடியும் அதே கதை. இந்த நிலைக்கு வந்த கார்க்காரருக்குச் சேலத்தில் பொதுவாக மூன்று யோசனைகள் கிடைக்கும். பேட்டரி கடைக்காரர் புதியதை மாட்டச் சொல்வார். அனுபவப்பட்ட அண்டை வீட்டார் இரவில் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி வைக்கச் சொல்வார். ஆட்டோ எலக்ட்ரீஷியன், எங்கோ கரண்ட் லீக்கேஜ் இருக்கிறது, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்பார். மூவர் சொல்வதும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரிதான். நம் வண்டி அவற்றுள் எது என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே பெரும்பாலும் பிரித்தறிந்துவிட முடியும்; அதற்குத் தேவைப்படுவது சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டரும் ஓர் இரவும் மட்டுமே.

முழுமையாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட்டோ சற்றுக் கூடுதலாகவோ காட்டும். 12.2 என்றால் ஏறத்தாழப் பாதிதான் மிச்சம். 12-க்குக் கீழே போய்விட்டால் எஞ்சினைச் சுழற்றும் என்று நம்ப முடியாது. கடையில் கொடுத்து முழுதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியை வண்டியில் வைத்து, நெகட்டிவ் கம்பியை மட்டும் மாட்டாமல் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். காலையில் மின்னழுத்தம் 12.6-ஐ ஒட்டியே நின்றால் பேட்டரி தன் சரக்கைத் தானே இழக்கவில்லை என்று பொருள். தனியாக இருந்தும் அது 12.2-க்கு இறங்கியிருந்தால் பழுது அதற்குள்ளேயே இருக்கிறது. 10.5 அளவில் நின்றால் ஆறு செல்களில் ஒன்று செத்துவிட்டது என்றே கொள்ளலாம். அந்தப் பேட்டரியை எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பயனில்லை. மின்னழுத்தம் சரியாக இருந்தும் செல்ஃப் எடுக்கும் கணத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் அதுவும் பேட்டரி ஓய்ந்ததற்கான அடையாளம். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் டெர்மினல்களில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவி, கிளாம்பை இறுக்கிவிட்டு ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

மாற்றுவது என்ற முதல் வழி, இந்தச் சோதனையில் பேட்டரியே தோற்றால் மட்டும் நியாயமானது. இல்லையென்றால் புதிய பேட்டரியும் அதே லீக்கேஜுக்கு இரையாகும். முழுதாக இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் அதன் தகடுகளில் சல்ஃபேட் படிந்து ஆயுள் குறையும். வாரன்டியை நம்பிக் கொண்டுபோனாலும், சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிட்டு, 'பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, வண்டியைப் பாருங்கள்' என்று திருப்பித் தருவார்கள். அவர்கள் சொல்வதில் தவறும் இல்லை.

இதில் இந்த ஊருக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. ஏற்காட்டில் ஒரு மார்கழி இரவு நின்ற வண்டி காலையில் கிளம்பாவிட்டால் பழி குளிரின் மீது விழுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் அந்தக் குளிர் பேட்டரியின் வலுவைச் சிறிதளவே குறைக்கும்; எஞ்சின் ஆயில் சற்றுக் கெட்டியாவதால் செல்ஃபின் சுமையும் கொஞ்சம் கூடும். நல்ல பேட்டரி இதைப் பொருட்படுத்தாது. உண்மையில் அதை அரித்தது கீழே சேலத்தில் அது போனட்டுக்குள் வெந்துகொண்டிருந்த சித்திரை, வைகாசி வெயில்தான். ஆகவே மலையில் மட்டும் தகராறு செய்யும் பேட்டரிக்கு வயது மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தால், லீக்கேஜைத் தேடி அலையாமல் மாற்றிவிடுவதே நல்லது. தானே நின்று தானே கிளம்பும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியுள்ள வண்டியாக இருந்தால், அதற்கென்றே வரும் இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். வகையைத்தான் போட வேண்டும். மலிவு என்று சாதாரண வகையைப் போட்டால் அது விரைவில் ஓய்ந்துவிடும்.

கழற்றி வைப்பது என்ற இரண்டாவது வழியை மெக்கானிக்குகள் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. நின்றே கிடக்கும் வண்டிக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை என்பது என் கருத்து. பழுதே இல்லாத காரும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டிகள் ஆகியவற்றுக்காக 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம். ஒரு நாளைக்கு அது 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணிப் பேட்டரியில் பாதி, இரண்டு வாரத்தில் காலி. எனவே ஏற்காட்டு எஸ்டேட் வீட்டில் ஒரு மாதம் நின்ற வண்டி கிளம்பவில்லை என்றால் அதைப் பழுது என்றே சொல்ல முடியாது. கழற்றி வைத்த பேட்டரி தானாக இழப்பது மிகக் குறைவு; குளிர்ந்த இடத்தில் இன்னும் குறைவு என்பதால் சேலத்தைவிட மலையில் இந்த முறை நன்றாகவே எடுபடும். கழற்றும்போது நெகட்டிவை முதலிலும் மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். அலாரமும் ரிமோட் பூட்டும் வேலை செய்யா; கடிகாரத்தைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கும்.

இதற்குப் போட்டியாகச் சொல்லப்படுவது, எப்போதும் மாட்டியே வைக்கும் தானியங்கிச் சார்ஜர். ஷெட்டுக்குள் பிளக் பாயிண்ட் இருந்தால் அது வசதியானதுதான். சிறிய சோலார் பலகையை மட்டும் மலைக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. சில்வர் ஓக் நிழலும் மூடுபனியும் அதன் பாதி வேலையைப் பறித்துவிடும். வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிட்டு ஐந்து நிமிடத்தில் அணைப்பதோ எதற்கும் உதவாது. நன்றாக இறங்கிய பேட்டரி நிரம்பப் பல மணி நேரம் பிடிக்கும்; அஸ்தம்பட்டியிலிருந்து கொண்டையூசி வளைவுகள் ஏறி ஏரிக்கரை வரை ஓட்டினாலும் போதாது.

தினமும் ஓடும் வண்டிக்குக் கம்பியைக் கழற்றுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மட்டும் மாத்திரை போடுவது போன்றது. அங்கேதான் லீக்கேஜைத் தேடும் மூன்றாவது வழி தன் மதிப்பைக் காட்டுகிறது. மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, நெகட்டிவ் கம்பிக்கும் டெர்மினலுக்கும் இடையே இணைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டு அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கணினிப் பெட்டிகள் உறங்கும் முன் எடுத்த அளவைப் பார்த்து மிரள்பவர்கள் ஏராளம். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடக் கூடாது. உறங்கிய பின்னும் 50 மில்லி ஆம்பியரைக் கணிசமாகத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதை எடுக்கும்போது அளவு விழுகிறதோ அந்த இணைப்பைத் தொடர வேண்டும். டிக்கியில் அணையாமல் எரியும் 5 வாட் விளக்கு ஒன்றே நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர் மணியைத் தின்றுவிடும். அந்த வண்டி மூன்றாம் நாள் காலையில் கிளம்பாது. வெளியே மாட்டிய மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, ஜி.பி.எஸ். டிராக்கர் ஆகியவைதான் முதலில் சந்தேகிக்கத் தக்கவை. ஃபாஸ்டேக்கைச் சந்தேகிப்பவர்களும் உண்டு. அது கார் பேட்டரியிலிருந்து துளியும் எடுப்பதில்லை.

எந்த ஃபியூஸை எடுத்தும் அளவு குறையாவிட்டால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் அதன் டையோடு கெட்டுப்போனால் வண்டி நிற்கும்போது அதுவே பேட்டரியை உறிஞ்சும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது வழக்கம், விளக்கும் ஏ.சி.யும் போட்டதும் 13-க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் பெல்ட்டோ ஆல்டர்னேட்டரோ தளர்ந்திருக்கிறது. சில புதிய வண்டிகளில் கணினியே இந்த அளவை ஏற்றி இறக்குவதால், ஒரே ஒரு அளவீட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இதெல்லாம் முடியும் வரை அவசரத்துக்கு ஜம்ப்பர் கேபிளா, இறக்கத்தில் உருட்டிக் கிளப்புவதா என்றால் கேபிள்தான். சிவப்பை இரு பாசிட்டிவ்களிலும், கறுப்பின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையை இறங்கிய வண்டியின் எஞ்சினில் உள்ள வெற்று உலோகத்திலும் மாட்ட வேண்டும். மலைச் சாலையில் உருட்டுவது சுலபம் என்று தோன்றும். ஆனால் எஞ்சின் எழும் வரை பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைவிசை இருக்காது, அடுத்த வளைவோ பக்கத்திலேயே இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு உருட்டும் வழியே கிடையாது.