பதிவு செய்தவருக்குத் தானியங்கிப் பதில்: ஆப்ஸ் ஸ்கிரிப்டா, என்8என்னா?

இணையவழிப் பயிற்சி வகுப்பில் ஒருவர் பதிவு செய்ததும் அவருக்கு வரவேற்பு மின்னஞ்சலும், பொறுப்பாளருக்குத் தகவலும் தானாகவே போக வேண்டும் என்பதுதான் எங்கள் தேவை. கூகுள் சேவைகளைத் தானாக இயக்க நிரல் எழுத உதவும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், பல சேவைகளை இணைத்து வேலைகளைத் தானாக நடத்தும் மென்பொருளான என்8என் (n8n) இரண்டையும் பயன்படுத்திப் பார்த்து, சொந்த சர்வரில் நிறுவிய என்8என்னையே தேர்ந்தெடுத்தேன். இதே வகை இணையச் சேவையான ஸேப்பியரில் ஒவ்வொரு செயற்படியும் தனித்தனியே கட்டணக் கணக்கில் ஏறுவதால் அதை முதலிலேயே விலக்கிவிட்டேன்.

ஆப்ஸ் ஸ்கிரிப்டுக்குச் சர்வரும் வேண்டாம், செலவும் இல்லை. நிரலின் ஓர் ஓட்டம் 6 நிமிடங்களுக்குள் முடிய வேண்டும் என்பதோ, சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து நாளொன்றுக்கு 100 பெறுநர்களுக்கே அதன்வழி அஞ்சல் போகும் என்பதோ சிறு வகுப்புக்குத் தடையல்ல. ஆனால் நிரலைத் தானாக ஓடவைக்கும் டிரிகர், அதை அமைத்தவரின் கணக்கிலேயே ஓடும் என்பதால், அவர் வேலையை விட்டுப் போய் அந்தக் கணக்கும் மூடப்பட்டால் அதுவும் நின்றுவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது, தவறிப்போன ஓட்டத்தை மீட்கும் வழிதான். மின்னஞ்சல் சேவையின் அனுமதிச் சாவி காலாவதியானால் பதிவு செய்தவருக்கு எதுவும் போகாது. அவரோ பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பார். ஆப்ஸ் ஸ்கிரிப்டில் பிழை நேர்ந்த செய்தி, இயல்பான அமைப்பில், நாளுக்கு ஒருமுறை தொகுப்பாகவே வருகிறது. தவறிய நிகழ்வை அதே தரவுடன் மறுபடி ஓட்டுவதற்கான பொத்தானும் அதில் இல்லை. என்8என்னில் ஒவ்வொரு ஓட்டமும் பட்டியலில் நிற்கிறது. எந்தக் கண்ணியில் (படியில்) அறுந்தது, அங்கே என்ன தரவு வந்தது என்பதைத் திறந்து பார்த்து, பணிப்பாய்வை (படிகளின் தொடரை) திருத்தி, திருத்திய வடிவிலேயே அந்த ஓட்டத்தை மீண்டும் இயக்கலாம். பிழை நேர்ந்த உடனே எச்சரிக்கை அனுப்பத் தனிப் பணிப்பாய்வையும் அமைத்துக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் பழைய ஓட்டங்கள் தாமாகவே நீக்கப்படும் என்பதால், மீட்பு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கு ஈடாகப் பராமரிப்பை நாமே ஏற்க வேண்டும். குறியாக்கச் சாவியைத் தனியே காப்பெடுத்து வைக்காமல் சர்வரை இழந்தால், சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கவே முடியாது. சர்வர் படுத்திருக்கும் நேரத்தில் வரும் வெப்ஹூக் (பதிவோ கட்டணமோ நடந்ததும் மற்றொரு சேவை தானாக அனுப்பும் தகவல்), அனுப்புகிறவர் மறுமுறை முயன்றால்தான் கிடைக்கும். பணம் செலுத்தும் சேவைகள் பெரும்பாலும் அப்படி முயல்கின்றன, சாதாரண இணையப் படிவங்கள் முயல்வதில்லை.

நான் இதைச் சிறிய அளவில் மட்டுமே இயக்கியிருக்கிறேன். ரெடிஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை வைத்துப் பல சர்வர்களுக்கு வேலையைப் பிரித்தளிக்கும் முறையை இயக்கிய அனுபவம் இல்லாததால், பெரும் சுமைக்கு இதே பரிந்துரையைச் செய்ய மாட்டேன். சர்வரைக் கவனிக்க ஆளில்லாத இடத்தில் ஆப்ஸ் ஸ்கிரிப்டே போதும். அப்போது பதிவுகள் சேரும் கூகுள் ஷீட் தாளில் ‘அனுப்பியது’ என்றொரு நெடுவரிசை சேர்த்து, அது காலியாக உள்ள வரிசைகளுக்கு மணிக்கொருமுறை அஞ்சலை மறுபடி அனுப்பும் நேர டிரிகர் ஒன்றையும் அவசியம் எழுதிவிடுங்கள்.