தம்பிக்கு எடுத்த ஜீன் டெஸ்ட்: காசு கொடுத்ததற்கு என்ன கிடைத்தது

தம்பிக்கு 17 வயதில் சர்க்கரை வந்தது. ஆள் ஒல்லி, வயதும் சின்னது, அதனால் டைப் 1தான் என்று முடிவு செய்து இன்சுலினில் போட்டுவிட்டார்கள். நான்கு வருஷம் ஊசி. அம்மாவுக்கும் 24 வயதிலேயே வந்தது, தாத்தாவுக்கும் இருந்தது, அதை யாரும் கேட்கவே இல்லை. பிறகு பார்த்த டாக்டர்தான் முதலில் சி-பெப்டைடு எடுக்கச் சொன்னார், உடம்பு தானாக இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டும் ரத்த டெஸ்ட் அது. உடம்பு இன்னும் சொந்தமாக இன்சுலின் சுரந்துகொண்டிருந்தது, டைப் 1 உள்ள பலருக்கு ரத்தத்தில் தெரியும் காட் ஆன்டிபாடியும் இல்லை. அப்புறம்தான் எம்.ஓ.டி.ஒய் ஜீன் டெஸ்ட். ஒரே ஒரு ஜீன் கோளாறால், சின்ன வயதிலேயே, குடும்பத்தில் வழிவழியாக வரும் சர்க்கரைக்குத்தான் அந்தப் பெயர்.

ஊதா மூடி டியூபில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான் வேலை. மூன்று வாரம் என்றார்கள், ஐந்து ஆனது. என் சம்பளத்தில் பாதி போனது. ஹெச்என்எஃப்1ஏ ஜீனில் கோளாறு என்று வந்தது. இந்த வகைக்கு சல்ஃபோனைல்யூரியா மாத்திரை நன்றாகக் கேட்கும் என்பதால், டாக்டர் ஊசியைப் படிப்படியாகக் குறைத்து அந்த வகை மாத்திரையான கிளிக்ளசைடுக்கு மாற்றினார். நீங்களாக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

குறை என்றால் ரிப்போர்ட்தான். பிடிஎக்ஸ்1 ஜீனிலும் ஒரு மாற்றம், ‘முக்கியத்துவம் தெரியவில்லை’ என்று அதே தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அம்மா அன்றிரவு தூங்கவில்லை. லேப் கவுண்டரில் கேட்டால் டாக்டரிடம் கேளுங்கள் என்கிறார்கள்.

மரபணு ஆலோசகரிடம் தனியாக நேரம் வாங்கிப் போனோம். இந்த முழுச் செலவில் மதிப்பான அரை மணி நேரம் அதுதான். பிடிஎக்ஸ்1 கருவில் கணையத்தையே உருவாக்குகிற ஜீன், இரண்டு பிரதியும் கெட்டுப்போனால் குழந்தை கணையம் இல்லாமலே பிறக்கலாம், ஆனால் கட்டி முடித்ததும் கிளம்பிப்போகும் கொத்தனார் மாதிரி இல்லை, பெரியவர்களின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லிலும் இருந்து இன்சுலின் ஜீனை இயக்குகிறது என்று தாளில் வரைந்து காட்டினார். ஹெச்என்எஃப்1ஏவும் அப்படி மற்ற ஜீன்களை இயக்குகிற ஜீன்தானாம். தம்பிக்கு வந்திருக்கும் பிடிஎக்ஸ்1 மாற்றத்தை வைத்து இப்போது எந்த மருந்தையும் மாற்றக்கூடாது என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா முகம் தெளிந்தது.

லேபில் பணம் கட்டுவதற்கு முன், ரிப்போர்ட்டை விளக்க ஆள் உண்டா என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவருக்குக் கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு நிறையக் குறையும். அம்மாவுக்கு அப்படித்தான் எடுத்தோம், அதே ஹெச்என்எஃப்1ஏ கோளாறு. எனக்கும் 50 சதவீத வாய்ப்பு. அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கிறேன்.