இரைப்பைப் புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய ரத்தப் பரிசோதனைத் தொகுப்பு: எண்ணிக்கையை நம்பலாம், கணிப்பை நம்ப வேண்டாம்

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கென ஒரு தனியார் பரிசோதனைக்கூடம் நடத்தும் தொடர் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை, இரைப்பை முழுவதும் அகற்றப்பட்ட என் தந்தைக்காகப் பயன்படுத்தி வருகிறோம். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர்கள் கைதேர்ந்தவர்கள். மெலிந்த கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுகிறார்கள். அறிக்கை அன்று மாலையே வந்துவிடுகிறது. வெள்ளை அணுக்களின் வகைகளை விழுக்காட்டோடு நிறுத்தாமல், ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்றும் தருகிறார்கள்.

குறையெல்லாம் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி அச்சிடப்படும் 'நோய்ப்போக்குக் கணிப்பு' பகுதியில்தான். வெள்ளை அணுக்களில் ஒரு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கையை, இன்னொரு வகையான லிம்ஃபோசைட்டின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விகிதத்துக்கேற்பப் பச்சை, மஞ்சள் அல்லது சிவப்பு நிறம் தீட்டிவிடுகிறார்கள். விகிதம் வெறும் கற்பனையன்று: அறுவைக்கு முன் இது உயர்ந்திருந்தவர்களின் உயிர்வாழ்வுக் காலம் சராசரியாகக் குறைந்திருந்ததைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் எதைத் தாண்டினால் உயர்வு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு உண்டு. 2 என்று கொண்டவர்களும் இருக்கிறார்கள், 5 என்று கொண்டவர்களும் இருக்கிறார்கள். மேலும், அவற்றில் பெரும்பாலானவை அறுவைக்கு முன் எடுத்த ரத்தத்தைப் பற்றியவை. கத்தி பட்ட உடலில் நியூட்ரோஃபில் ஏறுவதும் லிம்ஃபோசைட் இறங்குவதும் இயல்பு; தொற்று வந்தாலும், ஸ்டீராய்டு கொடுத்தாலும், கீமோவுக்குப் பின் வெள்ளை அணுக்களைக் கூட்ட ஊசி போட்டாலும் விகிதம் மாறிவிடும்.

தையல் போட்ட இடத்தில் சீழ் கோத்திருந்தபோது எடுத்த ரத்தத்தில் அப்பாவுக்கு நியூட்ரோஃபில் 8,400, லிம்ஃபோசைட் 1,200. விகிதம் 7 என்று சிவப்பில் அச்சிட்டு, 'நோய் மீளும் அபாயம் அதிகம்' என்றும் கீழே எழுதியிருந்தார்கள். அன்றிரவு வீட்டில் யாரும் உறங்கவில்லை. புண் ஆறிய பின் எடுத்ததில் 3,600க்கு 1,500, அதாவது 2.4, நிறம் பச்சை. விசாரித்தபோது, கணினி தானாகக் கணிப்பது என்றார்கள். அறுவை நடந்த தேதியையோ காய்ச்சல் இருக்கிறதா என்பதையோ பதிவுப் படிவம் கேட்பதேயில்லை. கணினி என்ன செய்யும்?

நோய்ப்போக்கைச் சொல்வதில் முதலிடம் அகற்றிய உறுப்பின் பயாப்ஸி அறிக்கைக்கு உரியது: கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் பரவியது என்பவை அதில் இருக்கும். குறைந்தது 16 கணுக்களையாவது சோதித்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. இதைப் பற்றியும் தொகுப்பில் ஒரு கேள்வியும் இல்லை.

முதல் பக்கத்துக்கு வந்திருக்க வேண்டியவை சிவப்பணுக்களின் விவரங்கள். இரைப்பை போனபின் இரும்புச்சத்து சரியாக உட்கிரகிக்கப்படாததால் அணுக்கள் சிறுக்கும். வைட்டமின் பி12 குறைந்தால் அளவில் பெரிதாகும். இரண்டும் ஒருசேரக் குறைந்தால் சராசரி அளவு இயல்பாகவே தோன்றி ஏமாற்றும். அப்போது காட்டிக்கொடுப்பது அணுக்களின் அளவு வேறுபாட்டைக் குறிக்கும் ஆர்டிடபிள்யூ. அதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் பி12 குறைபாடு தெரியவரச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். தொடர் கண்காணிப்புக்கென்றே விற்கும் தொகுப்பில் அந்தப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் வாங்குவது நியாயமாகப் படவில்லை.

கணிப்புப் பக்கம் இல்லாத அறிக்கையும் கேட்டால் தருகிறார்கள், ஆனால் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். நாங்கள் இப்போது அதைத்தான் வாங்குகிறோம்; பி12, இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் தனியே சேர்த்துக்கொள்கிறோம்.