மினி லேத்தில் ஆர்பிஎம் மீட்டர்: இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டிய பிறகு

பட்டறைகளில் இருக்கும் பெரிய கியர் லேத்துக்கு (கடைசல் இயந்திரம்) ஆர்பிஎம் மீட்டர், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் கருவி, தேவையே இல்லை. எந்த லீவரை எங்கே வைத்தால் என்ன வேகம் என்று ஹெட்ஸ்டாக்கிலேயே (கியர்கள் இருக்கும் தலைப்பெட்டி) தகடு அடித்திருப்பார்கள். என் வீட்டில் இருப்பது டிசி மோட்டார் வைத்த 7×12 அங்குல மினி லேத். வேகத்துக்கு ஒரு குமிழ், அவ்வளவுதான். லோ கியரில் சுமார் 1100 வரை, ஹையில் 2500 வரை போகும். நடுவில் எங்கே நிற்கிறோம் என்பது காதுக் கணக்கு.

போட்டது மலிவான செட்: நான்கு இலக்க எல்இடி டிஸ்ப்ளே, என்ஜேகே-5002சி ஹால் சென்சார் (காந்தம் அருகே வந்தால் சிக்னல் தரும்), குட்டிக் காந்தம். ஸ்பிண்டிலின் (வேலைப்பொருளைச் சுழற்றும் தண்டு) பின்முனைக்கு ஒரு அலுமினிய காலர் (வளையம்) கடைந்து, அதில் குழி போட்டுக் காந்தத்தை அரால்டைட்டில் பதித்தேன். ஒட்டினால் மட்டும் போதாது, 2000 ஆர்பிஎம்மில் தெறித்தால் ஆபத்து. காந்தத்தின் ஒரு முகத்துக்குத்தான் சென்சார் மசியும். அதனால் பதிக்கும் முன் கையில் பிடித்து, சென்சார் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்சாரத்துக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர். மோட்டார் போர்டிலிருந்து எடுக்கலாமே என்று தோன்றும், வேண்டவே வேண்டாம். இந்த வகை போர்டுகள் பலவற்றில் மெயின்ஸ் மின்சாரத்திலிருந்து பிரிப்பே கிடையாது, ஷாக் அடிக்கும். சிக்னல் ஒயரையும் மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கட்டினால் 400 காட்ட வேண்டியது 1700-க்குத் தாவும். ஷீல்டு ஒயர் போட்டு வேறு வழியாக இழுத்ததும் எண் அடங்கியது.

சரி, பயன் என்ன? 25 மி.மீ. எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடை எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் கடைய, வெட்டு வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்ற கணக்கில் 380 ஆர்பிஎம் வரும். 320-ஐ 30-ஆல் பெருக்கி, மி.மீ.யில் உள்ள விட்டத்தால் வகுத்தால் போதும். ஆனால் 380-க்குப் பதில் 420 வைத்தாலும் குடி முழுகாது. எனக்கு உண்மையில் உதவுவது எண் சரிவதுதான். பார்ட்டிங் டூல் (ராடைத் துண்டாக அறுக்கும் டூல்) உள்ளே இறங்கும்போது 300 மெல்ல 220 ஆகிறது என்றால் மோட்டார் திணறுகிறது என்று அர்த்தம். சத்தம் மாறும் முன்பே தெரிந்துவிடும். ஃபீடை (டூலை உள்ளே தள்ளும் வேகம்) குறைப்பேன். அப்போதும் சரிந்தால் மெஷினை நிறுத்தி லோ கியருக்கு மாற்றுவேன். குறைந்த வேகத்தில் மோட்டார் ஃபேனுக்கும் காற்றுத் தள்ளத் தெம்பு இருக்காது, சூடுதான் ஏறும்.

குறைகளும் உண்டு. ஒரே காந்தம் என்பதால் ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. 100 ஆர்பிஎம்முக்குக் கீழே எண் தாமதமாகத்தான் மாறும். இரண்டு காந்தம் வைத்தால் இந்த டிஸ்ப்ளே இரு மடங்கு காட்டும். வார்ப்பிரும்பு கடைந்த நாட்களில் காந்தத்துக்கு மீசை முளைத்துவிடும். செலோடேப்பை அழுத்தி இழுத்தால் தூள் வந்துவிடுகிறது. அலுமினியம், பித்தளை மட்டும் கடைபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இடைக்கிடை கடைவதானால் இந்தச் செலவுகூட வேண்டாம். பிரதிபலிப்பு ஸ்டிக்கரோடு வரும் கையடக்க டேக்கோமீட்டரில் குமிழின் ஒவ்வொரு நிலையையும் அளந்து பேனாவால் குறித்துக்கொள்ளலாம். பார்ட்டிங், பெரிய டிரில் எல்லாம் அடிக்கடி போடுபவர் என்றால் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள்.